உள்ளே தெரியும் பை

குப்பை போடுவதற்கும் ஒரு படிப்பு வேண்டும் என்று ஊரில் இருந்தபோது யாராவது சொல்லியிருந்தால் அவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இந்த நாட்டுக்கு வந்து அந்தப் படிப்பில் கரை கண்டாகிவிட்டது. சமையலறைக் குப்பைக்கு ஒரு பை, காகிதத்துக்கு ஒரு கட்டு, கண்ணாடிக்கும் தகரத்துக்கும் ஒரு கூடை, பிளாஸ்டிக்குக்கு இன்னொரு கூடை. தயிர் டப்பாவைக் கழுவித் துடைத்துத்தான் போட வேண்டும். பாட்டில் மேல் ஒட்டியிருக்கும் தாளை உரிக்க வேண்டும். மூடி தனி, பாட்டில் தனி. ஒவ்வொன்றுக்கும் ஒரு கிழமை. கிழமை தப்பினால் அடுத்த வாரம் வரை அந்தக் குப்பையோடு குடும்பம் நடத்த வேண்டியதுதான்.

அதெல்லாம்கூடப் பழகிவிட்டது. அவள் உயிரை வாங்கியது சமையலறைக் குப்பைக்கான பை. உள்ளே இருப்பது பளிச்சென்று வெளியே தெரிகிற பை அது. வேறு பையில் போட்டால் லாரிக்காரர் தொட மாட்டார். பையின் மேல் வீட்டு எண்ணை வேறு பட்டையாக எழுத வேண்டும். எந்த வீட்டில் என்ன வெந்தது, எது தீய்ந்தது என்பதெல்லாம் கட்டிடத்துக்கே வெட்டவெளிச்சம். ஒளிக்க ஒன்றும் இல்லாதவர்களுக்கு இது நல்ல ஏற்பாடுதான். அவள் வீட்டில் ஒளித்து வைக்க ஓர் ஆளே இருந்தாள். அவளுடைய அம்மா.

வீட்டுக்காரர் வாடகைக்கு விடும்போதே தெளிவாகச் சொல்லியிருந்தார். இரண்டு பேருக்குத்தான் வீடு. விருந்தாளி வந்தால் ஒரு மாதம், அதற்கு மேல் ஒரு நாள் கூடாது. மீறினால் காலி செய்ய வேண்டும். வெளிநாட்டுக்காரர்களுக்கு வீடு கொடுக்க ஆளே இல்லாத ஊரில், அவளும் அவள் கணவனும் எத்தனையோ வாசலில் பல்லைக் காட்டி நின்று பிடித்த வீடு இது. சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார்கள்.

அம்மா மூன்று வாரம் மகளோடு இருந்துவிட்டுப் போவதாகத்தான் வந்தாள். வந்த இரண்டாம் வாரம் கடைப் படிக்கட்டில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். ஆபரேஷன் நடந்தது. எலும்பு கூடினாலும் கால் எழவில்லை. விமானத்தில் உட்கார வைக்கக் கூடாது என்றார் டாக்டர். ஊரிலும் அம்மாவைப் பார்த்துக்கொள்ள நாதி கிடையாது. இவள் ஒரே பெண். டாக்டர் சான்றிதழைக் காட்டி விசாவை நீட்டித்தாகிவிட்டது. வீட்டுக்காரரைத்தான் நீட்டிக்க முடியவில்லை. ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்து, லிஃப்ட் பக்கமே போகாமல், கணவன் மாமியாரைக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு மாடியேறினான். கட்டிடத்தில் கேட்டவர்களிடம் அம்மா ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அன்றிலிருந்து அம்மா உள்ளறைக் கட்டிலில் இருக்கிறாள். சத்தமாக இருமக்கூட மாட்டாள்.

ஆளை ஒளிக்கலாம், பேச்சை ஒளிக்கலாம். படுக்கையில் கிடக்கிற ஒரு மனுஷி நாள் முழுக்க நனைக்கிற டயப்பரும் அந்தப் பையில்தான் போக வேண்டும். அதை எங்கே ஒளிப்பது? குழந்தை இல்லாத வீடு. குழந்தை இருந்தாலும் அந்த அளவில் ஒரு குழந்தை உலகத்தில் பிறந்திருக்காது.

கட்டிடத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு பெரியவர் இருந்தார். கணவன் அவருக்கு சி.ஐ.டி. என்று பெயர் வைத்திருந்தான். கழுத்தில் கயிறு கட்டிக் கண்ணாடியைத் தொங்கவிட்டிருப்பார். காலையில் குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் கையில் நீள இடுக்கியோடு நின்று, கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பையாகப் புரட்டுவார். தப்பு இருந்தால் பை மஞ்சள் ஸ்டிக்கரோடு வீட்டு வாசலுக்கே திரும்பி வரும். கெட்டவர் இல்லை. எதிரே பார்த்தால் குனிந்து வணக்கம் சொல்லுவார். ஆனால் மூன்றாவது ஸ்டிக்கர் விழுந்தால் வீட்டுக்காரருக்குத் தகவல் போகும். அவர் வீட்டைப் பார்க்க வருவார். அது கட்டிடத்துச் சட்டம்.

முதல் ஸ்டிக்கர் டயப்பரைப் பழைய செய்தித்தாளில் சுற்றிப் போட்டதற்கு விழுந்தது. காகிதம் சமையல் குப்பையில் சேரக் கூடாதாம். நல்லவேளை, அவர் பிரித்துப் பார்க்கவில்லை. இரண்டாவது, டயப்பரைக் கறுப்புப் பையில் முடிச்சுப் போட்டு வெளிப் பைக்குள் வைத்ததற்கு. பைக்குள் பை கூடாது என்று சி.ஐ.டி. வாசலில் நின்று பொறுமையாக விளக்கினார். அவர் பேசப் பேச, உள்ளறையில் அம்மாவுக்குத் தும்மல் வந்துவிடுமோ என்று அவள் காதெல்லாம் அங்கேயே இருந்தது.

இரண்டு ஸ்டிக்கர் ஆகிவிட்டது. இனி ஒன்றுதான் பாக்கி என்றதும் டயப்பர்கள் அவளோடு வேலைக்குக் கிளம்பின. ஒரு ஓட்டலின் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. படுக்கை விரிப்புகளை இயந்திரத்தில் விட்டு மடிக்க வேண்டும். சாப்பாட்டுப் பைக்கு அடியில் டயப்பர்களை நெருக்கி அடைத்து, மேலே டிபன் பாக்ஸை வைத்துக்கொண்டு பஸ் ஏறுவாள். பஸ் ஸ்டாப் குப்பைத் தொட்டிகளின் வாய், சோடா டின் மட்டும் நுழைகிற அளவுக்குத்தான் இருக்கும். வீட்டுக் குப்பையைக் கொண்டுவந்து போடுகிற திருட்டுப் புத்திக்காரர்களை நினைத்தே செய்திருக்கிறார்கள். பூங்காவிலும் அப்படித்தான். பஸ்ஸில் ஹீட்டர் போட்டிருக்கும் நாளில் பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைச் சுளித்துவிட்டு எழுந்து வேறு இடம் பார்ப்பார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். மானம் போகிறது என்றால் என்ன என்று அவளுக்கு அந்த பஸ்ஸில்தான் தெரிந்தது.

கடைசியில் எல்லாம் சலவைக்கூடத்துத் தொட்டிக்குப் போயின. அதுவும் எத்தனை நாளைக்கு? ஒரு நாள் சூப்பர்வைசர் அம்மாள் அவளைத் தனியாக அழைத்து, தொட்டியைத் திறந்து காட்டினாள். யார் என்று கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை, கையும் களவுமாகப் பிடித்தாகிவிட்டது. இங்கேயும் குப்பையைப் பிரித்துத்தான் போடுகிறோம், வெளிக் குப்பை இன்னொரு தடவை வந்தால் நீயும் வர வேண்டாம் என்றாள்.

அன்று சாயங்காலம் அவள் காலையில் எடுத்துப்போனதை அப்படியே திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தாள். அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் பெரிய தட்டு, பக்கத்து ஸ்டூலில் ஒரு பேசின். பிளாஸ்டிக் பிரிக்கும் வேலையை அம்மா தானாகவே எடுத்துக்கொண்டிருந்தாள். சும்மா கிடந்து சாப்பிடுகிறவளாக அவள் என்றைக்குமே இருந்ததில்லை. பாட்டில் தாளை நகத்தால் நைசாக உரித்து, மூடியைக் கழற்றி, டப்பாக்களைப் பேசினில் அலசித் துடைத்து அடுக்கிவிடுவாள். கல்யாணப் பாத்திரத்தைக்கூட இவ்வளவு பளபளப்பாகத் தேய்த்ததில்லை என்று மாப்பிள்ளையிடம் சொல்லிச் சிரிப்பாள். பழைய புடவையைக் கிழித்துக் கட்டிவிடு, டயப்பரே வேண்டாம் என்றும் ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தாள். துணியைத் துவைத்துக் காயப்போட்டால் பால்கனியே சாட்சி சொல்லுமே என்று மகள் மறுத்துவிட்டாள்.

அவள் பையைத் தரையில் வைத்துவிட்டுக் கட்டில் காலில் சாய்ந்து உட்கார்ந்தாள். அழக்கூடத் தெம்பில்லை. ஓட்டலில் நடந்ததைச் சொன்னாள். அம்மா கை வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"இனி எங்கேதான் கொண்டுபோய்ப் போடறதுன்னு தெரியலம்மா. ஒரு நாளைக்கு ரெண்டு கொறஞ்சாக்கூடப் போதும். என்னால சுமக்க முடியல."

சொன்ன பிறகு அவளுக்கே சுருக்கென்றது. ஆனால் திரும்பப் பெற்றுக்கொள்ளவும் இல்லை. அம்மா கையிலிருந்த டப்பாவைத் துடைத்துத் தட்டில் வைத்தாள்.

"குளிருடி. குளிர் போனா தானா கொறையும், பாரேன்" என்றாள்.

குறைந்தது. முதலில் ஒன்று, பிறகு இன்னொன்று. அந்த வாரக் கடைசிக்குள் காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று நின்றுவிட்டது. அவளால் நம்ப முடியவில்லை. அத்தைக்கு உடம்பு தேறிவிட்டது, நரம்பெல்லாம் பிடிமானத்துக்கு வந்துவிட்டது என்று கணவன் வைத்தியம் படித்தவன் மாதிரி விளக்கினான். இரண்டே இரண்டு என்றால் சமாளித்துவிடலாம். முட்டைக்கோஸ் இலை, வெங்காயத் தோல், டீத்தூள் என்று சுற்றிலும் அடைத்து, டயப்பரை நட்டநடுவில் புதைத்துப் பையைக் கட்டினாள். சி.ஐ.டி. இடுக்கியால் ஒரு புரட்டு புரட்டிவிட்டு, நன்றாகப் பிரித்திருக்கிறாய் என்று தலையசைத்தார். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அன்று வெங்காயம் நறுக்கும்போது அவள் வாய்விட்டுப் பாடினாள். அந்தப் பாட்டை நினைத்தால் பிற்பாடு அவளுக்குத் தன் வாயையே கிழித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஏனென்றால் கண்ணெதிரே எல்லாம் நடந்தது. அம்மாவின் உதடு வெடித்தது. குளிருக்கு என்று வாஸ்லின் தடவிவிட்டாள். பேச்சு குளறலாக வந்தது; தூக்கக் கலக்கம் என்று நினைத்தாள். லீவு நாளில் பார்த்தால் அம்மா பகலெல்லாம் கண்ணை மூடியே கிடந்தாள். நல்லது, உடம்பு ஓய்வு கேட்கிறது என்று போர்த்திவிட்டாள். சந்தேகம் வராமல் இருந்ததற்கு ஒரு காரணமும் உண்டு. காலையில் கிளம்பும்போது பெரிய பாட்டில் நிறையத் தண்ணீரைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போவாள். சாயங்காலம் வந்தால் பாட்டில் காலியாக இருக்கும். இவ்வளவு தண்ணீர் குடித்தும் டயப்பர் குறைகிறதே, கடவுள் கண் திறந்துவிட்டார் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. வேண்டியது நடக்கும்போது யார் கணக்குப் போட்டுப் பார்க்கிறார்கள்?

ஒரு நாள் சலவைக்கூடத்தில் இயந்திரம் பழுதாகி, மதியமே எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் சாவி போட்டுத் திறந்த சத்தம் அம்மாவுக்குக் கேட்கவில்லை. உள்ளறை வாசலில் வந்து நின்றாள். அம்மா தலைமாட்டுப் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்து, பேசினில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். பாதித் தண்ணீர் ஸ்டூலில் சிந்தியது. பேசினில் தயிர் டப்பாக்கள் மிதந்தன. அம்மா ஈர விரலை உதட்டில் ஒற்றி எடுத்துக்கொண்டு, டப்பாவைத் துடைக்க ஆரம்பித்தாள்.

அவளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு எல்லாம் ஒரேயடியாகப் புரிந்தது. ஓடிப்போய் அம்மாவின் தாடையைப் பிடித்து வாயைத் திறந்து பார்த்தாள். நாக்கு வறண்டு, மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"எத்தனை நாளா இப்படிப் பண்றே?"

அம்மா திருட்டுத்தனம் வெளிப்பட்ட குழந்தை மாதிரி சிரித்தாள். அதில் பெருமையும் இருந்தது.

"வீணாக்கலடி, டப்பாதான் கழுவறேன். நீ ரெண்டு கொறைக்கச் சொன்னே. பாத்தியா, ரெண்டுலயே நிறுத்திட்டேன்."

அவள் அம்மாவை உலுக்கினாள். அடிக்கக் கை ஓங்கியவள், அந்தக் கையாலேயே அம்மாவின் தலையை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள். பைத்தியமா உனக்கு, செத்துப் போறதுக்கா உன்னைத் தூக்கிட்டு வந்து வெச்சிருக்கோம் என்று கத்தினாள். சத்தம் வெளியே போகுமே என்ற நினைப்பே அப்போது இல்லை. டம்ளரில் தண்ணீர் எடுத்து வந்து புகட்டினாள். இரண்டு வாய் உள்ளே போனது, அப்படியே வெளியே வந்தது. அம்மாவின் கண் மேலே செருகியது. கூப்பிட்டதற்குப் பதில் இல்லை.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துவிட்டாள். செய்த பிறகுதான் ஞாபகம் வந்தது. ஸ்ட்ரெச்சர் நுழைகிற பெரிய லிஃப்ட்டின் சாவி சி.ஐ.டி.யிடம் இருக்கிறது. அவர் வந்து திறந்தால் உண்டு. திறந்தால் அம்மாவைப் பார்ப்பார்.

அந்த இடத்தில் அவள் தயங்கினாள். அதை மறைத்துப் பிரயோஜனம் இல்லை. கணவனைக் கூப்பிட்டால் அன்றைக்கு மாதிரி தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிவிடுவானே, ஆம்புலன்ஸைத் தெருமுனையில் நிற்கச் சொல்லலாமே என்று ஒரு கணக்கு அவள் மனதில் ஓடியது. அவன் ஊருக்கு வெளியே கிடங்கில் சரக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். அவன் வந்து சேருவதற்குள் எது வேண்டுமானாலும் ஆகலாம். மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கிற அம்மா எதிரே, வீட்டைப் பற்றி நினைத்துக்கொண்டு நிற்கிறோம் என்று அப்புறம்தான் உறைத்தது. செருப்புக்கூடப் போடாமல் கீழே ஓடி, சி.ஐ.டி.யின் கதவை இரண்டு கையாலும் அடித்தாள்.

அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்து நின்றார். இவளுக்கு வந்த அந்நிய பாஷை அத்தனையும் அந்த நேரம் பார்த்து மறந்துவிட்டது. அம்மா, தண்ணீர், லிஃப்ட் என்று மூன்று சொல்தான் வாயில் வந்தது. அவர் வாயைத் துடைத்துக்கொண்டு சாவிக்கொத்தோடு மேலே வந்தார். உள்ளறையில் கால் வைத்ததும் கழுத்துக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். கட்டிலை, மூலையில் இருந்த டயப்பர் பாக்கெட்டுகளை, ஜன்னலோரம் கழுவி அடுக்கியிருந்த டப்பாக்களை எல்லாம் பார்த்தார். நேரே போய்ப் பெரிய லிஃப்ட்டைத் திறந்து, ஆட்கள் வரும்வரை கதவைத் தோளால் முட்டுக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஸ்ட்ரெச்சர் உள்ளே போன பிறகு, அம்மா எத்தனை நாளாக இங்கே இருக்கிறார்கள் என்று கேட்டார். குளிர்காலத்துக்கு முன்னாலிருந்து என்று அவள் உண்மையைச் சொன்னாள். நான் சொல்லித்தான் ஆக வேண்டும், என் வேலை அது என்றார் அவர். சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் தொங்கவிட்டுக்கொண்டார். அவள் தலையசைத்தாள். அவர் மேல் கோபப்படக்கூட அவளிடம் அப்போது ஒன்றும் மிச்சமில்லை.

ஆஸ்பத்திரியில் அம்மாவின் இரண்டு கையிலும் ஊசி குத்தி சலைன் ஏற்றினார்கள். டாக்டர் சின்ன வயசுப் பெண். அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: உடம்பில் தண்ணீர் சுத்தமாக வற்றியிருக்கிறது, சிறுநீரகம் வேலையை நிறுத்தப் பார்க்கிறது. ஏற்றுகிற தண்ணீர் சிறுநீராக வெளியே வந்துவிட்டால் தப்பித்தார்கள். வராவிட்டால் ரத்தத்தைச் சுத்தம் செய்கிற இயந்திரத்தில் போட வேண்டும், இந்த வயதில் அது தாங்குமா என்று உறுதி சொல்ல முடியாது. இடுப்புக்குக் கீழே தடித்த விரிப்பு ஒன்றைப் போட்டுவிட்டு, நனைந்தால் உடனே சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு நர்ஸ் போனாள்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, போர்வைக்குள் கையை விட்டு விரிப்பின் மேல் வைத்துக்கொண்டாள். காய்ந்து கிடந்தது. பாட்டிலில் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. நர்ஸ் வந்து எட்டிப் பார்த்தாள், இவள் இல்லை என்று தலையாட்டினாள். மறுபடி வந்தாள், மறுபடி தலையாட்டினாள். இத்தனை நாள் எது நிற்க வேண்டும் என்று கும்பிட்டாளோ, அது வர வேண்டும் என்று இப்போது அதே கடவுளைக் கும்பிட்டாள். அவருக்கே சலித்துப் போயிருக்கும்.

கணவன் கிடங்கு உடுப்போடு ஓடி வந்தான். அத்தையின் காலை ஒரு தரம் தொட்டுப் பார்த்துவிட்டு, சுவரோரம் நின்றான். வீட்டுக்காரர் போன் செய்துவிட்டாராம். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டுமாம். இனி எங்கே போவோம் என்று அவனுக்கும் தெரியவில்லை. சொல்லி முடித்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டான். வீடு போனால் போகட்டும் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வீடு வேண்டும். அம்மாவும் வேண்டும். இரண்டையும் கேட்டதுதான் தப்பு என்றால் எங்கே போய் முட்டிக்கொள்வது? போர்வைக்குள் இருந்த கையை மட்டும் அவள் எடுக்கவில்லை.

ஜன்னலில் வெயில் இறங்கத் தொடங்கியபோது உள்ளங்கையில் ஒரு வெதுவெதுப்பு தட்டியது. முதலில் தன் வியர்வைதான் என்று நினைத்தாள். கொஞ்சம் கொஞ்சமாக விரல் இடுக்கெல்லாம் ஈரம் பரவியது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அது நின்றுவிடுமோ என்று பயந்து, கையை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு கணவனைப் பார்த்துத் தலையாட்டினாள். அவன் நர்ஸைக் கூப்பிட ஓடினான். அவள் குனிந்து அம்மாவின் நெற்றியில் முகத்தை வைத்துக்கொண்டு விக்கி விக்கி அழுதாள்.

அந்த அழுகைச் சத்தத்துக்குத்தான் அம்மா கண் திறந்தாள். எங்கே இருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. கையால் பக்கத்தில் துழாவினாள், ஈரம் தட்டுப்பட்டது. முகம் அப்படியே சுருங்கிப் போயிற்று.

"அழாதேடி. தெரியாம வந்துடுச்சு" என்றாள். குரல் காற்றாகத்தான் வந்தது. "யாரும் பாக்கறதுக்குள்ள எடுத்துடு. நாளைலேர்ந்து இன்னும் கொறைச்சுக்கறேன்."

நர்ஸ் வந்து, விரிப்பைப் பார்த்துவிட்டு, சந்தோஷமாக இன்னொரு நர்ஸையும் குரல் கொடுத்துக் கூப்பிட்டாள். ஆள் வருவதைப் பார்த்த அம்மா, போர்வையை இடுப்புக்குக் கீழே இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தாள்.